இளங்கலை மாணவர்களோடு மேற்பரப்பு ஆராய்ச்சி: முடியுமா, முடியாதா?

கேள்வி, ஜூன் 3

கல்லூரியில் வேதியியல் எடுக்கிறேன். முனைவர் பட்டத்துக்குப் பிளாட்டினப் பரப்பில் கார்பன் மோனாக்சைடு எப்படி ஒட்டுகிறது என்று பார்த்தவன். இப்போது இருக்கும் இடத்தில் உயர் வெற்றிடக் கருவி இல்லை, ஆராய்ச்சி மாணவர்களும் இல்லை. இளங்கலைப் பிள்ளைகள் மட்டும்தான். மூலக்கூறுக்கும் பரப்புக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்ற ஆராய்ச்சியை இவர்களை வைத்துச் செய்ய முடியாது, செய்முறை வகுப்புக்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

முடியும். பல வருஷமாக நான் செய்வது அதைத்தான். என் லேபில் இருப்பவர்கள் இரண்டாம் வருஷமும் மூன்றாம் வருஷமும் படிக்கிற பிள்ளைகள். ஆனால் நீங்கள் முனைவர் பட்டத்துக்குச் செய்ததைச் சின்னதாக்கி அவர்களிடம் கொடுத்தால் நடக்காது. கேள்வியையே வேறு மாதிரி எடுக்க வேண்டும்.

வெற்றிடம் எதற்கு வேண்டியிருந்தது என்பதிலிருந்து பார்ப்போம். ஒரு சதுர சென்டிமீட்டர் உலோகப் பரப்பில் ஏறக்குறைய 10¹⁵ அணுக்கள் இருக்கும். ஒரு டார் அழுத்தத்தில் (காற்றழுத்தம் 760 டார்) பத்து லட்சத்தில் ஒரு பங்கு வாயு இருந்தாலே, வந்து மோதுவதெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால், சுமார் ஒரு நொடியில் பரப்பு மூடிவிடும். லாங்மியூர் என்ற அளவே இந்தக் கணக்கை வைத்து வந்ததுதான். நாம் மூச்சுவிடுகிற காற்றில் அதே கணக்கு சில நானோநொடிக்கு இறங்கிவிடும். அதனால் வெறும் பிளாட்டினத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த எஃகு வெற்றிடக் கலம் வேண்டும். அதில் மறுபேச்சுக்கே இடமில்லை.

எல்லாக் கேள்விக்கும் வெறும் பரப்பு வேண்டியதில்லை. கந்தகம் உள்ள மூலக்கூறுகள் கரைசலிலிருந்து தங்கத்தின் மேல் தாமாகவே ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும் என்று 1983-இல் நஸ்ஸோவும் அலாராவும் காட்டினார்கள். தங்கத்தின் மேல் ஏற்கெனவே படிந்திருக்கும் காற்றழுக்கை, தயோல் எனும் கந்தக மூலக்கூறு பெரும்பாலும் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். காற்றழுக்கு வாண்டர் வால்ஸ் விசை என்ற பலவீனமான கவர்ச்சியில் சும்மா தொற்றிக்கொண்டிருக்கிறது. கந்தகமும் தங்கமும் சேரும் பிணைப்போ அதைவிடப் பல மடங்கு வலுவானது. ஒரு பீக்கர், எத்தனால், மில்லிமோலார் செறிவில் தயோல், ஒரு ராத்திரி. மறுநாள் காலையில் மாணவர் கையில் ஒரே ஒரு மூலக்கூறு தடிமனுள்ள படலம் இருக்கும். வெற்றிடக் கருவி செய்கிற காவல் வேலையை இங்கே அந்த மூலக்கூறே செய்துவிடுகிறது.

இப்படிப்பட்ட பரப்பைத் தேர்ந்தெடுத்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. மீதிப் பாதிதான் கஷ்டம், அதை நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 4

மீதிப் பாதி இதுதான்: ஒரே பரப்பை இரண்டு தடவை உண்டாக்குவது.

என் லேபில் சேருகிறவர் கைக்கு முதலில் மூலக்கூறு எதுவும் வராது. தங்கம் பூசிய கண்ணாடித் துண்டு ஒன்றைக் கொடுப்பேன். அதைச் சுத்தம் செய்து, தண்ணீர்ச் சொட்டு ஒன்றை வைத்து, பக்கவாட்டில் படம் பிடித்து, சொட்டின் விளிம்பு பரப்போடு சேரும் கோணத்தை, அதாவது சேர்கோணத்தை, அளக்க வேண்டும். அடுத்த நாள் வேறொரு துண்டில் அதையே செய்து அதே கோணத்தைக் கொண்டுவர வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். சுத்தமான தங்கத்தில் தண்ணீர் அப்படியே பரவிப் படுத்துவிடும். அந்தத் துண்டை மேசைமேல் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய் வந்தால் கோணம் மளமளவென்று ஏறியிருக்கும். யாரும் எதையும் தொடவில்லை. காற்றிலிருந்த ஹைட்ரோகார்பன்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது. புத்தகத்தில் எத்தனை பக்கம் படித்தாலும் பரப்பு கவர்தல் (மூலக்கூறு பரப்பில் வந்து ஒட்டுவது) என்பது இப்படி உறைக்காது.

மெத்தில் முனை வெளியே நிற்கிற தயோல் படலத்தில் கோணம் 110 பாகையை ஒட்டி வர வேண்டும். ஒரு மாணவிக்கு எல்லா இடத்திலும் அது வந்தது, துண்டின் ஒரு மூலையைத் தவிர. ஒவ்வொரு துண்டிலும் அதே மூலை. நானாக இருந்தால் அந்த மூலையை விட்டுவிட்டு நடுவில் அளந்துகொள் என்று சொல்லியிருப்பேன். அவர் விடவில்லை. அது இடுக்கி பிடிக்கிற மூலை என்பதைக் கவனித்தார். இடுக்கியை எத்தனாலில் கழுவித்தான் வைக்கிறோம். ஆனால் எடுக்கும்போது கையுறை விரலால் அதன் முனையைத் துடைத்துவிட்டு எடுக்கிற பழக்கம், முன்னால் இருந்த மாணவரிடமிருந்து இவருக்கு வந்திருக்கிறது. கையுறையை அச்சிலிருந்து கழற்றுவதற்காகத் தயாரிப்பில் ஸ்டியரேட் உப்புப் பூசுவதுண்டு. அது விரலிலிருந்து இடுக்கிக்கும், இடுக்கியிலிருந்து தங்கத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. கையுறை முனையை வேண்டுமென்றே ஒரு சுத்தமான துண்டில் ஒற்றி, அதே கோணம் வருகிறதா என்று அவரே சோதித்துக் காட்டினார்.

அன்றைக்கு அவர் செய்தது ஆராய்ச்சி. அதற்கு முன்னால் செய்ததெல்லாம் அதற்கான பயிற்சி.

ஜூன் 4, சற்று நேரம் கழித்து

தங்கத்தைச் சுத்தம் செய்ய பிரானா கரைசல் பயன்படுத்துகிறீர்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. அடர் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த அந்தக் கரைசல் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அசிட்டோனோ எத்தனாலோ கொஞ்சம் கலந்துவிட்டாலும் வெடிக்கும், பாட்டிலில் ஊற்றி மூடி வைத்தாலும் வெடிக்கும். எங்கள் மேசையில் எப்போதும் எத்தனால் இருக்கிறது. ஒவ்வொரு பருவமும் புதுக் கைகள் வருகிற லேபில் அதை வைக்க எனக்கு மனசு வராது.

புற ஊதா ஒளியும் ஓசோனும் சேர்ந்து சுத்தம் செய்கிற பெட்டி போதும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஓசோன் தங்கத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு அடுக்கை விட்டுவிடும். வெளியே எடுத்ததும் எத்தனாலில் ஊற வைத்தால் அது ஒடுக்கப்பட்டுத் தங்கமாகிவிடும். இந்தப் படியைத் தாண்டிப் போனால் தயோல் படலம் சீராக வராது.

ஜூன் 7

"தங்கம் பூசுவதற்கே இங்கே வழி இல்லை, கரியும் சாயமும்தான் இருக்கிறது" என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். கரியையும் சாயத்தையும் லேசாக நினைக்க வேண்டாம்.

தூண்டப்பட்ட கரி ஒரு கிராமில் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு இருக்கும். மெத்திலீன் நீலக் கரைசலில் போட்டு ஆட்டினால் நிறம் போகும். மிச்சமிருக்கும் நிறத்தை 664 நானோமீட்டரில் அளந்து, எவ்வளவு கரியில் ஏறியது என்று கழித்துக் கணக்குப் போடுவோம். எல்லாக் கல்லூரியிலும் இருக்கிற செய்முறைதான். அந்தக் கழித்தலுக்குள்தான் விஷயம் ஒளிந்திருக்கிறது.

ஒரு மாணவர் கரி போடாத பீக்கரையும் மற்றவற்றோடு சேர்த்து ஆட்டி வைத்திருந்தார். அவரை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மறுநாள் வந்து, "சார், கரி போடாததுலயும் நிறம் குறைஞ்சிருக்கு" என்றார். பீக்கரைக் காலி செய்து தண்ணீர் ஊற்றி அலசிப் பார்த்தோம். கண்ணாடிச் சுவரில் இலேசான நீலம் அப்படியே நிற்கிறது. தண்ணீரில் இருக்கும் கண்ணாடிப் பரப்பில் எதிர் மின்சுமை உண்டு, சிலனால் (Si–OH) தொகுதிகள் புரோட்டானை விட்டுவிடுவதால் வருவது. மெத்திலீன் நீலம் நேர் அயனி. ஒட்டாமல் என்ன செய்யும்? நிறமாலைமானியில் கரைசலை ஊற்றி வைக்கிற சின்னக் கலமான குவெட்டிலும் இதே கதைதான். ஒரு செறிவான கரைசலை அளந்துவிட்டு அதே குவெட்டில் நீர்த்த கரைசலை அளந்தால், சுவரில் ஒட்டியிருந்ததும் கணக்கில் சேர்ந்துவிடும்.

பாதிப் பேர் இதைப் பிழை என்று ஒதுக்கிவிடுவார்கள். எங்களுக்கு அடுத்த வருஷத்தின் கேள்வியே இதுதான் ஆனது: கரைசலின் பிஎச்சை மாற்றினால் கண்ணாடியில் ஒட்டுவது எப்படி மாறுகிறது? கண்ணாடியின் முக்கியப் பொருளான சிலிக்கா தன் மின்சுமையை இழக்கும் புள்ளி பிஎச் 2, 3 பக்கத்தில் இருக்கிறது. அதை நோக்கி இறங்க இறங்க ஒட்டுவது குறைய வேண்டும். குறைந்தது. உப்பைச் சேர்த்தால் சோடியம் அயனி போட்டிக்கு வந்து சாயத்தைத் தள்ள வேண்டும். தள்ளியது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ஏன் என்பதில் இன்னமும் உட்கார்ந்திருக்கிறோம். மின்சுமை மட்டும் காரணமாக இருக்க முடியாது. பரப்பில் ஏறிய சாய மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து அடுக்கிக்கொள்வதும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது இப்போதைக்கு என் எண்ணம்.

எல்லாமே கண்ணாடிக் குச்சியும் பிஎச் மீட்டரும் ஒரு சாதாரண நிறமாலைமானியும் வைத்துச் செய்ததுதான். வெற்றிடம் வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 8

நேற்று எழுதியதைப் படித்ததும் ஆக்னஸ் பாக்கெல்ஸ் ஞாபகம் வந்தார். கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் சொல்லியாக வேண்டும்.

ஜெர்மனியில் பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்காத காலம். பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்த இந்தப் பெண், தகரத் தொட்டி ஒன்றில் தண்ணீர் நிரப்பி, குறுக்கே ஒரு தகரப் பட்டையை நகர்த்தி, தண்ணீர்ப் பரப்பின் இழுவிசை எப்படி மாறுகிறது என்று வருஷக்கணக்காக அளந்தார். 1891 ஜனவரியில் இயற்பியலாளர் லார்ட் ரேலேவுக்குக் கடிதம் எழுதினார். ரேலே அதை நேச்சர் இதழுக்கு அனுப்பி வைக்க, அந்த வருஷம் மார்ச்சில் வெளிவந்தது. பின்னால் 1917-இல் அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் இந்தத் தொட்டியைத்தான் மேம்படுத்தி எடுத்துக்கொண்டார். பரப்பு வேதியியலுக்காக 1932-இல் நோபல் பரிசு பெற்றது லாங்மியூர்.

என் மாணவர்களுக்கு நான் சொல்வது பரிசுக் கதையை இல்லை, அந்தப் பட்டையைப் பற்றி. அளப்பதற்கு முன்னால் அதே பட்டையால் தண்ணீர்ப் பரப்பை வழித்து அழுக்கை ஓரங்கட்டிவிட்டு, சுத்தமான பரப்பிலிருந்து தொடங்கலாம் என்று கண்டுகொண்டவர் அவர். அவருக்கு முன்னால் தண்ணீரின் பரப்பு இழுவிசையை அளந்தவர்களின் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருந்ததற்கு இந்த அழுக்கு பெரிய காரணம். ஒரே பரப்பை இரண்டு தடவை உண்டாக்குவது என்று நான் நாலாம் தேதி எழுதியதும் அதேதான்.

ஜூன் 12

கேள்வி கேட்டவர் திரும்பவும் அழுத்திக் கேட்கிறார்: "இதற்கும் செய்முறை வகுப்புக்கும் என்ன வித்தியாசம்?"

விடை ஆசிரியருக்குத் தெரியுமா தெரியாதா என்பதுதான் வித்தியாசம். செய்முறை வகுப்பில் எண் சரியாக வராவிட்டால் மாணவர் என் முகத்தைப் பார்ப்பார். ஆராய்ச்சியில் எண் வந்ததும் நான் அவர் முகத்தைப் பார்க்கிறேன். அந்த மாணவியின் மூலையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அவருக்கு மட்டும்தான் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு இருந்தது, ஏனென்றால் அந்த இடுக்கியைப் பிடித்த கை அவருடையது.

இளங்கலை மாணவர் ஆராய்ச்சி ஒன்றும் புதுசு இல்லை. எம்ஐடி 1969-லேயே இதற்கென்று தனித் திட்டம் தொடங்கிவிட்டது. ஆனால் பெரிய இடங்களில் இளங்கலை மாணவருக்குப் பக்கத்திலேயே முனைவர் பட்ட மாணவர் ஒருவர் நிற்பார். நம்மைப் போன்ற இடங்களில் நடுவில் யாரும் கிடையாது. பேராசிரியர் நேராக மாணவரோடு உட்கார வேண்டும். அதைக் குறையாகப் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒப்புக்கொள்ள முடிவதில்லை. தங்கத் துண்டு எப்படி இருக்கிறது என்று நான் இப்போதும் என் கண்ணாலேயே பார்க்கிறேன். பெரிய குழு நடத்துகிற நண்பர்கள் பலருக்கு அது போய் ரொம்ப நாளாகிறது.

ஜூன் 13

நாலாம் தேதிக் குறிப்பை ஒரு வாசகர் இப்படி எடுத்துக்கொண்டிருக்கிறார்: முதல் பருவம் முழுக்க மாணவர்களைச் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சுத்தம் செய்வதை மட்டும் கொடுத்தால் நல்ல பிள்ளைகள் நாலு வாரத்தில் கழன்றுவிடுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. தேர்வு, பதிவேடு, மற்ற பாடங்கள் எல்லாம் நடுவில் வரும். வாரத்துக்குச் சில மணி நேரம்தான் லேபில் கிடைக்கிறது. அந்த நேரம் முழுக்க எதற்கென்றே தெரியாமல் கண்ணாடி தேய்த்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

முதல் நாளே கேள்வியைச் சொல்லிவிட வேண்டும். "வால் நீளம் கூடக் கூடத் தயோல் படலம் இறுகுமா? எந்த நீளத்தில் இறுக ஆரம்பிக்கிறது?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் துண்டைக் கையில் கொடுத்தால், சுத்தம் செய்கிற ஒவ்வொரு படியும் அந்தக் கேள்விக்கான முன்வேலை என்று அவர்களுக்கே புரியும். வால் என்பது கந்தகத்தோடு சேர்ந்திருக்கும் கார்பன் சங்கிலி. அது நீளமானால் பக்கத்து வாலோடு வாண்டர் வால்ஸ் கவர்ச்சி கூடும், அடுக்கு இறுகும். குட்டையாக இருந்தால் தாறுமாறாக நிற்கும். இதை ஒரு காகிதத்தில் வரைந்து காட்டப் பத்து நிமிஷம் போதும். வால்கள் நேராக நிற்பதில்லை, செங்குத்திலிருந்து சுமார் 30 பாகை சாய்ந்து நிற்கின்றன. ஏன் சாய வேண்டும் என்று நான் சொல்வதில்லை. கந்தகங்களுக்கு நடுவில் 0.5 நானோமீட்டர், சங்கிலியின் பருமன் அதைவிடக் குறைவு என்ற இரண்டு தகவலை மட்டும் கொடுத்துவிட்டு விட்டுவிடுவேன். இடைவெளியை நிரப்பச் சாய்ந்தாக வேண்டும் என்று யாராவது ஒருவர் கையை மடக்கி மடக்கிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். அந்த மாணவர் கடைசிவரை லேபை விட்டுப் போக மாட்டார்.

ஜூன் 20

கணினி மட்டும் இருக்கும் கல்லூரிக்கு என்ன வழி என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

பிளாட்டினத்தின் மேல் கார்பன் மோனாக்சைடு. கேள்வி கேட்டவருடைய சொந்த மூலக்கூறு. சோதனைகள் தெளிவாகச் சொல்கின்றன: நெருக்கம் குறைவாக இருக்கும்போது அந்த மூலக்கூறு ஒரு பிளாட்டின அணுவின் நேர் மேலே, கார்பன் கீழே பார்க்க, நட்டுக்குத்தலாக நிற்கிறது. வழக்கமான அடர்த்திச் சார்புக் கணக்கை (எலக்ட்ரான் அடர்த்தியை வைத்து ஆற்றலைக் கணிக்கும் முறை, DFT) கணினியில் போட்டால், மூன்று அணுக்களுக்கு நடுவிலுள்ள குழிதான் பிடித்த இடம் என்று அது அடம்பிடிக்கும். 2001-இல் ஃபைபெல்மனும் கூட இருந்தவர்களும் இதைப் புதிர் என்று பெயரிட்டே வெளியிட்டார்கள். கணக்கு முறை அந்த மூலக்கூறின் காலி ஆர்பிட்டலை ஆற்றலில் தேவைக்கு மேல் கீழே இறக்கிவிடுவதால், உலோகம் அதற்கு எலக்ட்ரானைத் தாராளமாகக் கொடுப்பதாகத் தோன்றுகிறது. குழியில் அந்தக் கொடுக்கல் வாங்கல் இன்னும் அதிகம்.

இந்தக் கணக்கை முதல் வேலையாக மாணவரிடம் கொடுங்கள். சோதனை முடிவை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். கணினி கொடுத்த விடையை எடுத்துக்கொண்டு நம்பிக்கையாக வருவார். அப்புறம் சோதனைக் கட்டுரையைக் கையில் கொடுங்கள். கணினித் திரையில் தசமப் புள்ளிக்குப் பின்னால் நாலு இலக்கம் வந்தால் அது உண்மை என்று நினைக்கும் வயசு அது. அந்த நினைப்பு அங்கே உடைவது, பின்னால் அவர் எந்த மூலக்கூறைக் கணக்குப் போட்டாலும் கூடவே வரும்.

ஜூன் 21

நாலாம் தேதி எழுதிய 110 பாகையோடு ஒன்று சேர்க்க வேண்டும். வைத்த சொட்டின் ஒரே ஒரு கோணம் போதாது. ஊசியால் சொட்டுக்குள் தண்ணீரை ஏற்றிக்கொண்டே, விளிம்பு முன்னேறும்போது ஒரு கோணம். உறிஞ்சிக்கொண்டே, விளிம்பு பின்வாங்கும்போது இன்னொரு கோணம். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் பரப்பு எவ்வளவு சீராக இருக்கிறது என்று சொல்லும். முன்னேறும் கோணம் அழகாக 110 காட்டும், பின்வாங்கும் கோணம் தடாலென்று கீழே விழும். படலத்தில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

தாமரை இலைத் தண்ணீர் மாதிரி என்று சொல்கிறோமே, அந்த இலையில் கோணம் 150 பாகைக்கு மேல். ஆனால் சொட்டு அப்படி உருண்டோடுவதற்கு உயரமான கோணம் மட்டும் காரணமில்லை, இந்த இடைவெளி மிகக் குறைவாக இருப்பதுதான் காரணம். மெழுகும் அதன் மேலுள்ள நுண்ணிய மேடுகளும் சேர்ந்து செய்கிற வேலை. சில ரோஜா இதழ்களில் கோணம் 150-ஐ ஒட்டியே இருக்கும், இதழைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் சொட்டு விழாது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு மாணவருக்குக் காட்டிவிட்டால் ஒற்றைக் கோணத்தை அறிக்கையில் எழுத அவருக்கே கூச்சமாகிவிடும்.

ஜூலை 2

குவார்ட்ஸ் படிகத் தராசு (படிகத்தின் அதிர்வெண் இறங்குவதை வைத்து ஏறிய எடையைச் சொல்லும் கருவி) வாங்கலாமா என்று கேட்டவருக்கு.

அருமையான கருவி, ஆனால் முதல் கருவியாக வேண்டாம். கணக்கைப் பாருங்கள். பதினெட்டுக் கார்பன் நீளத் தயோல் ஒரு சதுர சென்டிமீட்டரில் நிறைந்தால் சுமார் 4.6 × 10¹⁴ மூலக்கூறு, எடை ஏறக்குறைய 0.22 மைக்ரோகிராம். ஐந்து மெகாஹெர்ட்ஸ் படிகத்தில், 1959-இல் சவர்ப்ரே கொடுத்த சமன்பாட்டின்படி ஒரு ஹெர்ட்ஸ் மாற்றம் என்பது சதுர சென்டிமீட்டருக்கு 17.7 நானோகிராம். அப்படியென்றால் முழுப் படலத்துக்கும் சேர்த்து 12 ஹெர்ட்ஸ்தான். அதே படிகத்தின் ஒரு பக்கத்தைத் தண்ணீர் தொட்டாலே அதிர்வெண் 700 ஹெர்ட்ஸுக்கு மேல் இறங்கிவிடும். வெப்பநிலை கொஞ்சம் ஆடினாலும் எண் ஆடும். பன்னிரண்டைத் தேடிப் போகிற மாணவர் அந்த எழுநூறின் ஆட்டத்தில் தொலைந்துபோவார்.

மூலக்கூறு ஏறுவதை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இதைத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்பதும் உண்மை. முதல் சில நிமிஷத்தில் கோடு விறுவிறுவென்று இறங்கும், பெரும்பாலான தயோல் அப்போதே ஏறிவிடும். அப்புறம் மணிக்கணக்கில் வால்கள் ஒழுங்காகிக்கொண்டிருக்கும், கோட்டில் அது அநேகமாகத் தெரியாது. ராத்திரி முழுக்க ஏன் ஊற வைக்கிறோம் என்பதற்கு அந்தத் தட்டையான கோடுதான் விளக்கம்: ஏறுவது வேறு, அடுக்குவது வேறு. ஒரு வருஷம் சேர்கோணம் பழகிய மாணவர் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஜூலை 9

இளங்கலை லேபில் எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம் ஒன்று உண்டு: கை பழகும் நேரத்தில் பிள்ளைகள் போய்விடுவார்கள். பட்டம் வாங்கிக்கொண்டு போக வேண்டியவர்கள்தான், சந்தோஷமாக அனுப்ப வேண்டியவர்கள்தான். ஆனால் அவர்களோடு இடுக்கி பிடிக்கும் விதமும், எந்தப் பாட்டில் எத்தனாலில் எப்போதும் கோணம் தப்பும் என்ற அறிவும் போய்விடுகின்றன.

அதனால் லேப் நோட்டை நான் கண்டிப்பாகப் பார்ப்பேன். எண்ணை மட்டும் எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். துண்டை எந்த மூலையில் பிடித்தாய், கழுவியதற்கும் அளந்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம், ஜன்னல் திறந்திருந்ததா, பக்கத்து மேசையில் யார் என்ன ஊற்றிக்கொண்டிருந்தார்கள், எல்லாம் வேண்டும். போகிற மாணவர் வருகிற மாணவருக்கு ஒரு துண்டைத் தன் கண் முன்னாலேயே செய்ய வைத்து, எண் ஒத்துப்போன பிறகுதான் விடைபெற வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் யாருடைய கை சரி என்று வாதம் நடக்கும். அந்த வாதத்தில் நான் குறுக்கே போவதில்லை. எங்களுக்குக் கிடைத்த உருப்படியான கேள்விகள் பல அந்த நேரத்தில் வந்தவை.

கட்டுரையில் பெயர் போடுவது பற்றியும் கேட்டிருந்தார்கள். கேள்வியைத் திருப்பிப்போட்டவர், அளந்தவர், கிராஃப் வரைந்து அதில் இருக்கும் சந்தேகத்தைச் சொன்னவர், எல்லார் பெயரும் வர வேண்டும். பட்டம் வாங்கி இரண்டு வருஷம் ஆனபிறகு கட்டுரை வந்தாலும் தேடிப் பிடித்து, படித்துப் பார்த்துச் சம்மதம் சொல்லச் சொல்லி, அப்புறம்தான் அனுப்ப வேண்டும். "அவன் போய்ட்டானே" என்று பெயரை நன்றி வரியில் இறக்கி வைப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

ஜூலை 15

கேள்வி கேட்டவர் தன் மாணவர்களின் முதல் எண்களை அனுப்பியிருக்கிறார். கரி, மெத்திலீன் நீலம், எட்டுச் செறிவு. ஒரே அடுக்காக ஒட்டுவதற்கான லாங்மியூர் சமன்பாட்டின் நேர்கோட்டில் ஒட்டுறவு (புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்) 0.99-க்கு மேல் வந்திருக்கிறது, எனவே ஒற்றை அடுக்கு என்று முடிவுக்கு வந்துவிடலாமா என்கிறார்.

வர வேண்டாம். நீங்கள் போட்டிருக்கும் நேர்கோட்டு வடிவத்தில் செறிவு இரண்டு அச்சிலும் இருக்கிறது. எதைப் போட்டாலும் அந்த வடிவம் ஓரளவுக்கு நேராகத்தான் வரும். வளைகோட்டை அப்படியே வைத்து லாங்மியூரையும், இன்னொரு சமன்பாடான ஃபிராய்ண்ட்லிக்கையும் பொருத்தி, எண்ணுக்கும் கோட்டுக்கும் உள்ள மிச்சத்தை மாணவர்களையே தனியாக வரையச் சொல்லுங்கள். மிச்சம் இருபுறமும் சிதறினால் சரி. ஒரு பக்கமாக வில் மாதிரி வளைந்தால் அந்தச் சமன்பாடு பொருந்தவில்லை. அப்படியே பொருந்தினாலும், கரியின் துளைகள் ஒரே மாதிரி இல்லாதபோது லாங்மியூர் எடுத்துக்கொண்ட நிபந்தனைகள் அங்கே நிறைவேறின என்று அர்த்தம் ஆகாது.

உங்கள் செறிவான மூன்று கரைசல்களில் இன்னொரு சந்தேகம். அந்தச் செறிவில் மெத்திலீன் நீலம் இரண்டிரண்டாகச் சேர்ந்துகொள்ளும், 610 நானோமீட்டர் பக்கத்தில் தோள் எழும்பும், 664-இல் நேர்விகிதம் போய்விடும். நீர்க்க வைத்து அளந்து, நீர்த்த மடங்கால் பெருக்குங்கள். அந்தப் புள்ளிகள் இடம் மாறும் என்றே நினைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால், இரண்டு மணி நேரம் ஆட்டினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது போதுமா என்று யாராவது பார்த்தார்களா? நுண்துளைக் கரிக்குள் சாயம் நுழைய நேரம் பிடிக்கும். அதிகச் செறிவு ஒன்று, குறைந்த செறிவு ஒன்று, கரி போடாதது ஒன்று, மூன்றையும் ராத்திரி முழுக்க ஆட்டிவிட்டு, இடையிடையே எடுத்து அளக்கச் சொல்லுங்கள். எடுக்கும் கரைசலை வடிதாளில் வடிகட்ட வேண்டாம், அதுவும் நீலத்தைப் பிடித்துக்கொள்ளும். மையவிலக்கியில் சுற்றிக் கரியை இறக்குங்கள். நேரக் கோடு தட்டையானதும் அந்த எண்களை அனுப்புங்கள், செறிவுக்கு எதிராக ஒட்டிய அளவைக் காட்டும் சமவெப்பக் கோட்டை அதற்கு அப்புறம் போடலாம்.